தண்டுவடக் காயத்துக்கு ஆதரவுக் குழு தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

புதிதாகச் சேருகிறவர்கள் குழுவில் போடும் முதல் செய்தி பெரும்பாலும் ஒரே அச்சுதான்: "அண்ணனுக்கு விபத்துல முதுகெலும்பு அடிபட்டுடுச்சு. கால் அசையல. எப்ப நடப்பாரு? யாராவது சொல்லுங்க." சற்று நேரத்தில் பதில்கள் குவியும். ஒருவர் மசாஜ் என்பார், ஒருவர் "நான் எட்டு மாசத்துல எழுந்து நின்னேன், தைரியமா இருங்க" என்பார், இன்னொருவர் ஒரு மாத்திரையின் பெயரை எழுதுவார். "என்ன லெவல்?" என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

வங்கி விவரம் கொடுக்காதே, கண்ட லிங்க்கை அழுத்தாதே போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுவோம்.

லெவல் சொல்லாமல், லெவல் கேட்காமல் பேசுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். தண்டுவடக் காயம் என்று பொதுவாக ஒன்று கிடையாது. டிஸ்சார்ஜ் சம்மரியைப் பிரித்துப் பாருங்கள். சி5, டி10, எல்1 என்று ஓர் எழுத்தும் எண்ணும் இருக்கும். காயம் எந்த நரம்பு மட்டத்தில் என்று சொல்லும் லெவல் அதுதான். சி என்றால் கழுத்து, டி (T) நெஞ்சு, எல் இடுப்பு, எஸ் அதற்கும் கீழே. பக்கத்திலேயே ஏஐஎஸ் (காயம் எவ்வளவு முழுமையானது என்று சொல்லும் அளவுகோல்) என்று போட்டு ஏ முதல் ஈ வரை ஓர் எழுத்து இருக்க வேண்டும். ஏ என்றால் முழுமையான காயம்: ஆசனவாயைச் சுற்றியுள்ள கடைசி நரம்புப் பகுதியிலும் உணர்வோ இயக்கமோ இல்லை. பி-யில் உணர்வு மட்டும் உண்டு. ஏஐஎஸ் சி (C), ஏஐஎஸ் டி (D) இரண்டிலும் ஓரளவு இயக்கம் மிஞ்சியிருக்கிறது. ஈ என்றால் பரிசோதனையில் உணர்வும் இயக்கமும் இயல்பு. இந்த எழுத்து சம்மரியில் இல்லையென்றால் மறுவாழ்வு மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். உடைந்த எலும்பின் எண்ணையே லெவல் என்று நினைத்துவிடவும் வேண்டாம். பெரியவர்களுக்குத் தண்டுவடம் எல்1, எல்2 எலும்புகளின் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. அதனால் எலும்பின் எண் ஒன்றாகவும் நரம்பின் எண் வேறாகவும் இருக்கலாம்.

இது ஏதோ சம்பிரதாயத் தகவல் என்று நினைப்பவர்களுக்கு மலம் கழிக்கும் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். குழுக்களில் அதிகம் கேட்கப்படுவதும் அதுதான். காயம் தண்டுவடத்தின் கீழ்முனைக்கு மேலே இருந்தால் மலக்குடலின் அனிச்சைச் செயல் பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். சப்போசிட்டரி (ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்து) வைத்து, கையுறை போட்ட விரலால் உள்ளே 15 முதல் 20 வினாடி மெதுவாக வட்டமாகச் சுழற்றி, 5 முதல் 10 நிமிடத்துக்கு ஒருமுறை அதையே திரும்பச் செய்தால் குடல் தானே தள்ளும். காயம் கீழ்முனையிலோ அதற்குக் கீழுள்ள நரம்புக் கற்றையிலோ இருந்தால் அந்த அனிச்சைச் செயலே இல்லை. எவ்வளவு நேரம் சுழற்றினாலும் பயனில்லை. விரலால் எடுத்துவிடத்தான் வேண்டும், பலருக்கு தினமும். மலம் சற்றுக் கெட்டியாக இருப்பதுதான் இவர்களுக்கு வசதி. முதல் வகைக்காரர் "மலம் நல்லா இளகணும், இந்த மருந்தைக் குடிங்க" என்று நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். இரண்டாம் வகைக்காரர் அதைக் குடித்துவிட்டு நாள் முழுவதும் கசிவோடு வீல்சேரில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே வரவே பயப்படுகிறார். குழுவுக்கும் வருவதில்லை.

சிறுநீர் விஷயத்தில் விலை இன்னும் அதிகம். "அடிவயித்தைத் தட்டினா போதும், தானா வந்துடும், கதீட்டர் எதுக்கு?" என்று ஒருவராவது சொல்லுவார். கதீட்டர் என்றால் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரை வடிக்கும் குழாய். தட்டினால் சிலருக்கு வரும்தான். ஆனால் சிறுநீர்ப்பை சுருங்கும் அதே நேரத்தில் வாயில்தசையும் இறுகிக்கொண்டால், பைக்குள் அழுத்தம் ஏறிச் சிறுநீர் சிறுநீரகத்தை நோக்கித் திரும்பும். வலி தெரியாத உடம்பில் இது சத்தமில்லாமல் நடக்கும். யூரோடைனமிக் பரிசோதனை (சிறுநீர்ப்பையின் அழுத்தத்தை அளப்பது) செய்து பார்க்காமல், 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை போடும் கதீட்டரை யாருடைய பேச்சைக் கேட்டும் நிறுத்தக் கூடாது.

அடுத்தது தலைவலி. டி6-இலோ அதற்கு மேலோ காயம் உள்ளவருக்குத் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவப்பது, காயத்துக்கு மேல் வியர்ப்பது எல்லாம் ஆட்டோனமிக் டிஸ்ரிஃப்ளெக்சியாவாக, அதாவது ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும் ஆபத்தான நிலையாக இருக்கலாம். இவர்களின் வழக்கமான மேல் ரத்த அழுத்தமே 90, 100 என்றுதான் இருக்கும். அதிலிருந்து 20 முதல் 40 ஏறினாலே ஆபத்து. ஆகவே 140 என்பது இவர்களுக்கு "கொஞ்சம் கூட" இல்லை. உடனே நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட வேண்டும். இறுக்கமான உடையைத் தளர்த்தி, கதீட்டர் குழாய் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கிறதா, மலம் அடைத்திருக்கிறதா, தோலில் ஏதாவது அழுத்துகிறதா என்று இதே வரிசையில் பார்க்க வேண்டும். அழுத்தம் இறங்கவில்லையென்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எல்2 காயக்காரருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. "ஒரு மாத்திரை போட்டுப் படுங்க" என்பார். படுக்கவைப்பதுதான் இங்கே செய்யவே கூடாதது.

"எட்டு மாசத்துல நின்னேன்" கதையும் இதே ரகம். சொல்கிறவர் ஏஐஎஸ் டி, கேட்கிறவர் ஏஐஎஸ் ஏ. அவர் செய்த பயிற்சியையே இவரும் செய்துவிட்டு, முன்னேற்றம் இல்லாததற்குத் தன் முயற்சிதான் போதவில்லை என்று தன்னையே நொந்துகொள்கிறார். அந்தக் குழு அவருக்கு ஆதரவாகவா இருந்தது?

சரி, முதல் செய்தியை எப்படி எழுதுவது? இப்படி: "சி6, ஏஐஎஸ் பி, நாலு மாசம் ஆச்சு. நாலு மணிக்கொரு தடவை மனைவி கதீட்டர் போடறாங்க. விரல்ல பிடிமானம் இல்ல. தானா கதீட்டர் போட்டுக்கிற சி6 யாராவது இருக்கீங்களா?" இதற்கு வரும் பதில்களின் தரமே வேறு. மணிக்கட்டை மேலே தூக்கினால் விரல்கள் தானாக மூடிக்கொள்ளும் டெனோடெசிஸ் பிடி, அந்தப் பிடி கெடாமல் இருக்க மணிக்கட்டையும் விரல்களையும் ஒரேயடியாக நீட்டி இழுக்கக் கூடாது என்ற எச்சரிக்கை, கதீட்டரைப் பிடிக்க என்ன உபகரணம் தோதாக இருந்தது என்ற விவரம் எல்லாம் இன்னொரு சி6-இடமிருந்துதான் வரும்.

"முதுகு வலி" என்று தேடுவது

டிஸ்க் வலிக்காரர்களின் குழுவில் போய் நிற்பீர்கள். பாராப்ளீஜியா (கால்கள் செயலிழப்பது), குவாட்ரிப்ளீஜியா, டெட்ராப்ளீஜியா (இரண்டுமே கை கால் நான்கும் பாதிக்கப்படுவது) என்று தேடுங்கள். அதைவிட நல்லது, மறுவாழ்வுப் பிரிவில் அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமும் சமூகப் பணியாளரிடமும் "இதே லெவல்ல, ஒரு வருஷத்துக்கு மேல் ஆனவர் யாராவது என்னோடு பேசச் சம்மதிப்பாரா?" என்று கேட்பது. வீல்சேர் விளையாட்டுக் குழுக்களையும் விட்டுவிடாதீர்கள். வீல்சேர் ரக்பி 1970களில் கனடாவில், கையிலும் பாதிப்பு உள்ளவர்களுக்காகவே உருவானது. கழுத்துக் காயக்காரர்களை நேரில் பார்க்க அதைவிட நல்ல இடம் குறைவு. செப்டம்பர் 5 தண்டுவடக் காய தினம். அதையொட்டி நடக்கும் கூட்டங்கள் வழியாகவும் ஆட்கள் கிடைப்பார்கள்.

விபத்தில்லாமல் கட்டியாலோ காசநோயாலோ தண்டுவட அழற்சியாலோ இந்த நிலைக்கு வந்தவர்கள் "இது நமக்கில்லை" என்று ஒதுங்க வேண்டியதில்லை. கதீட்டரும் மெத்தையும் அவர்களுக்கும் அதேதான்.

குடும்பத்தார் மட்டும் சேர்வது

அம்மா இருக்கும் குழுவில் எந்த இளைஞன் தாம்பத்தியம் பற்றியும் குழந்தைப்பேறு பற்றியும் கேட்பான்? காயமடைந்தவருக்குத் தனிக் குழு, பார்த்துக்கொள்கிறவருக்குத் தனிக் குழு. அவர்களுக்கும் கொட்டித் தீர்க்க ஓர் இடம் வேண்டும், அது காயமடைந்தவர் படிக்கும் இடமாக இருக்கக் கூடாது.

படுக்கைப் புண்ணைப் படமெடுத்துப் போட்டு மருந்து கேட்பது

வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.

சிகிச்சை விற்கும் குழுவை அடையாளம் காணாமல் இருப்பது

அடையாளம் எளிது. முன்-பின் வீடியோக்கள் இருக்கும், லெவலும் ஏஐஎஸ் எழுத்தும் இருக்காது. கேள்வி கேட்டால் அட்மின் தனியே பேச அழைப்பார், முன்பணம் கேட்பார். நிரூபிக்கப்படாத ஸ்டெம் செல் ஊசியில் பணம் மட்டும் போவதில்லை. அதைப் போட்டுக்கொண்டவரைப் பின்னாளில் முறையான மருத்துவ ஆய்வில் சேர்க்காமல் போகலாம். முறையான ஆய்வில் சோதிக்கப்படும் சிகிச்சைக்குப் பொதுவாகப் பங்கேற்பாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை.

ஒரே கூட்டத்தில் முடிவு கட்டுவது

மூன்று முறை போங்கள். பிறகும் ஒத்துவரவில்லையென்றால் விலகுங்கள்.

இடத்தை விசாரிக்காமல் கிளம்புவது

"ராம்ப் இருக்கு" என்ற பதிலை நம்பாதீர்கள். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்கிறதா என்று கேளுங்கள். கழிப்பறைக் கதவின் திறப்பை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். 80 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் பல நாற்காலிகள் நுழையாது. கூட்டம் இரண்டு மணி நேரம் என்றால் போகவர ஆகும் நேரத்தையும் சேர்த்து அடுத்த கதீட்டர் எப்போது என்று கணக்கிடுங்கள். உபரியாக ஒரு கதீட்டரும் கையுறையும் மாற்றுடையும் பையில் இருக்கட்டும். பேச்சு சுவாரசியத்தில் மறந்துபோவது, படுக்கைப் புண் வராமல் உட்கார்ந்த இடத்தின் அழுத்தம் நீக்குவதுதான். 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை போனில் அலாரம் வைத்துக்கொண்டு, முன்னால் குனிந்தோ பக்கவாட்டில் சாய்ந்தோ ஒன்றிரண்டு நிமிடம் இருங்கள். அந்த அறையில் யாரும் அதை வேடிக்கை பார்க்க மாட்டார்கள்.