நகராட்சிக்கு அவசரகால மேலாளர்: பலரும் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ஒரு நகரத்தின் கஜானா காலியானால், மாநில அரசு தன் ஆளை அனுப்பி நிர்வாகத்தை எடுத்துக்கொள்வது உண்டு. மிச்சிகன் மாநிலத்தில் அப்படி வருபவருக்கு அவசரகால மேலாளர் என்று பெயர். மேயரும் நகர மன்றமும் பெயருக்கு இருப்பார்கள். கையெழுத்து மட்டும் இவருடையது. 2011இல் பென்டன் ஹார்பர் என்ற சிறு நகரத்தில், மேலாளர் மன்றத்துக்கு விட்டுவைத்த வேலைகள் மூன்று: கூட்டத்தைத் தொடங்கலாம், பழைய கூட்டக் குறிப்புக்கு ஒப்புதல் தரலாம், கூட்டத்தை முடிக்கலாம். அவ்வளவுதான்.

இதைப் பற்றிப் பேசும்போது அதிகம் நடக்கும் தவறு, மேலாளர் நியமனத்தையும் திவாலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. மிச்சிகனின் பெரிய நகரமான டெட்ராய்ட் பற்றிய செய்திகளால் வந்த வினை இது. 2013 மார்ச்சில் ஆளுநர் ரிக் ஸ்னைடர் (அங்கே ஆளுநர் மக்கள் ஓட்டில் ஜெயித்து வருபவர்) கெவின் ஓர் என்ற வழக்கறிஞரை அனுப்பினார். ஜூலை 18 அன்று, சுமார் 1,800 கோடி டாலர் கடனுடன் நகரம் திவால் மனு போட்டது. ஆனால் மேலாளர் வந்து போன மற்ற மிச்சிகன் நகரங்கள் திவால் நீதிமன்றப் படியே ஏறவில்லை. கடன் கொடுத்தவர்கள் ஒரு நகரத்தை இழுத்துப்போய் திவாலாக்கவும் முடியாது. நகரமே மனு போட வேண்டும், அதற்கு மாநிலம் அனுமதிக்க வேண்டும்.

தனியார் கம்பெனி மூழ்கினால் நடப்பதுபோல நகரத்தின் சொத்தை நீதிமன்றம் ஏலம் போடும் என்று நினைப்பதும் தவறு. டெட்ராய்ட் கலை அருங்காட்சியகத்தின் ஓவியங்களை விற்றுவிடுவார்களோ என்ற பேச்சு எழுந்தது உண்மைதான். அறக்கட்டளைகளும் மாநில அரசும் அருங்காட்சியகமும் சேர்ந்து ஓய்வூதிய நிதிக்கு 80 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டதால் ஓவியங்கள் தப்பின. ஓய்வூதியர்கள் முழுசாகத் தப்பவில்லை. பொது ஊழியர்களின் ஓய்வூதியத்தில் 4.5 சதவீதம் வெட்டு, விலைவாசிக்கு ஏற்ப ஆண்டுதோறும் கிடைத்த உயர்வும் போனது.

அப்புறம், ‘மேயர் தின்று தீர்த்துவிட்டார்’ என்ற ஒற்றைக் காரணம். டெட்ராய்டின் முன்னாள் மேயர் குவாமே கில்பாட்ரிக் ஊழல் வழக்கில் தண்டனை பெற்றவர்தான். ஆனால் 1950இல் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்த ஊரில் 2010இல் ஏழு லட்சத்துச் சொச்சம் பேரே மிஞ்சினார்கள். ஆள் போனார்கள் என்பதற்காகச் சாலையும் குழாயும் சுருங்கிவிடாது. ஓய்வு பெற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டியதும் குறையாது. சொத்து வரியை இஷ்டத்துக்கு உயர்த்த மாநிலச் சட்டம் விடாது. மாநிலம் தரும் வருவாய்ப் பங்கும் 2000களில் குறைந்துகொண்டே வந்தது. மேலாளரால் செலவை வெட்ட முடியும். போன ஆட்களைத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஃபிளின்ட் நகரத்துக்கு 2002இல் ஒரு மேலாளர் வந்தார், 2004இல் எல்லாம் சரி என்று போனார். 2011இல் மறுபடியும் அதே நிலைமை, மறுபடியும் மேலாளர்.

ஃபிளின்ட்டைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் கணக்கு நேரானால் போதும் என்ற நினைப்பு எங்கே கொண்டுபோய் விடும் என்பது அங்கேதான் தெரிந்தது. 2014 ஏப்ரல் 25 அன்று, செலவைக் குறைக்க, டெட்ராய்டிலிருந்து வந்த குடிநீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்று நீருக்கு மாறினார்கள். குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து சேர்க்கப்படவில்லை. அந்த அக்டோபரிலேயே ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலை, இந்தத் தண்ணீர் உதிரிபாகங்களை அரிக்கிறது என்று சொல்லி வேறு தண்ணீருக்குப் போய்விட்டது. இரும்புக்கு ஆகாத தண்ணீரை ஊர் ஜனம் குடித்துக்கொண்டிருந்தது. 2015 மார்ச்சில் நகர மன்றம் 7–1 என்று ஓட்டுப் போட்டு டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பச் சொன்னது. அப்போதைய மேலாளர் ஜெர்ரி ஆம்ப்ரோஸ், செலவு கூடும் என்று அதை ஒதுக்கித் தள்ளினார். அடுத்த மாதம் மாநிலம் 70 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. மாநிலத்தின் சம்மதமில்லாமல் டெட்ராய்ட் தண்ணீருக்குத் திரும்பக் கூடாது என்பது அந்தக் கடனின் நிபந்தனைகளில் ஒன்று. நிதி நெருக்கடி தீர்ந்தது என்று மேலாளரும் கிளம்பினார். அரித்த குழாய்களிலிருந்து தண்ணீரில் கலந்த ஈயம் குழந்தைகளின் ரத்தத்தில் கூடியிருப்பது செப்டம்பரில் வெளியே வந்தது. அக்டோபரில் பழைய தண்ணீரே திரும்ப வந்தது.

இங்கே இன்னொரு பிழையும் சுற்றுகிறது: ‘ஆற்று நீருக்கு மாற மன்றமே ஓட்டுப் போட்டதே’ என்பார்கள். 2013இல் மன்றம் ஓட்டுப் போட்டது ஹியூரான் ஏரியிலிருந்து வரவிருந்த புதிய குழாய்த் திட்டத்தில் சேர்வதற்கு. அது தயாராகும்வரை ஆற்று நீரைக் குடிக்கலாம் என்று மன்றம் ஓட்டுப் போடவில்லை. அதேபோல மேலாளர்கள் மட்டுமே குற்றவாளிகள் என்பதும் அரைகுறைதான். அரிப்புத் தடுப்பு தேவையில்லை என்று இருந்துவிட்டது மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறை.

பழைய கட்டுரையைப் படித்துவிட்டு இன்றைய சட்டத்தைப் பேசுவதும் வழக்கமாக நடக்கிறது. 2011இல் மேலாளருக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்த சட்டத்தை 2012 நவம்பரில் மக்கள் ஓட்டெடுப்பில் தூக்கி எறிந்தார்கள். டிசம்பரிலேயே மாநிலம் வேறொரு சட்டம் போட்டுவிட்டது. அதில் நிதி ஒதுக்கீடு ஒன்றையும் செருகியதால் மறுபடி ஓட்டெடுப்புக்குக் கொண்டுபோக வழியில்லை. கெட்டிக்காரத்தனம்தான், மெச்சத் தோன்றவில்லை. புதிய சட்டத்தில் நகரத்துக்கு நான்கு வழிகள் உண்டு. மேலாளர் அதில் ஒன்று. 18 மாதம் கழிந்தபின் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டில் மன்றமே அவரை அனுப்பிவிடலாம்.

மிச்சிகனைப் பார்த்து எல்லா மாநிலமும் இப்படித்தான் என்று எழுதிவிடவும் வேண்டாம். நியூயார்க் நகரம் 1975இல் தடுமாறியபோது தனி ஆளை அனுப்பவில்லை, நிதிக் கட்டுப்பாட்டு வாரியம் அமைத்தார்கள். பென்சில்வேனியாவின் ஹாரிஸ்பர்குக்கு 2011இல் வந்தவரை மாநில அரசு கேட்டுக்கொண்டபடி நியமித்தது நீதிமன்றம்.