கம்யூனிட்டி கல்லூரிகளுக்குப் பொதுப் பாட எண்: எங்கே தொடங்குவது, எங்கே சிக்கும்

பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் கம்யூனிட்டி கல்லூரிகளில், முதலாமாண்டு ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஒரு கல்லூரியில் 1ஏ, பக்கத்துக் கல்லூரியில் 100, இன்னொன்றில் 101 என்று இருக்கும். கல்லூரி மாறும் மாணவர் படித்ததையே மறுபடி படிக்க நேர்வது பல சமயம் இங்கேதான் தொடங்குகிறது. அமெரிக்காவில் புளோரிடா, டெக்சாஸ், வாஷிங்டன் உள்ளிட்ட மாநிலங்கள் இதற்காகப் பொது எண் முறை வைத்திருக்கின்றன. கலிபோர்னியா 2021-இல் ஏபி 1111 சட்டத்தால் தன் கம்யூனிட்டி கல்லூரிகளுக்கு இதைக் கட்டாயமாக்கியது. முதல் ஆறு பாடங்கள் 2025 இலையுதிர் பருவத்தில் புது எண்ணுடன் வந்தன.

இந்த வேலையை எடுக்கும் குழுக்கள் முதல் கூட்டத்திலேயே எண்ணைப் பற்றிப் பேச உட்கார்ந்துவிடுகின்றன. அது கடைசியில் வர வேண்டிய பேச்சு. பாடத்துக்குள் என்ன இருக்கிறது என்பதில் உடன்பாடு இல்லாமல் எண்ணை மட்டும் ஒன்றாக்கினால், இருப்பதைவிட மோசமான நிலைதான் வரும். முன்பு எண் வேறாக இருந்ததால் ஆலோசகர் ஒருமுறை விசாரிப்பார். இப்போது அதையும் விட்டுவிடுவார்.

பாட வரையறையிலிருந்து தொடங்குங்கள்

அதிக மாணவர் சேரும், அதிகமாகப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றப்படும் பாடங்களை முதலில் எடுங்கள். கலிபோர்னியாவின் முதல் ஆறு நல்ல முன்மாதிரி: மேடைப் பேச்சு, இரண்டு ஆங்கிலப் பாடங்கள், அமெரிக்க அரசியல், உளவியல் அறிமுகம், புள்ளியியல் அறிமுகம். ஒரே ஆண்டில் நூறு பாடங்களைத் தூக்க நினைத்தால் பாடத்திட்டக் குழுக்கள் படிக்காமலே கையெழுத்துப் போடும்.

ஒவ்வொரு துறைக்கும் ஒரு ஆசிரியர் குழு வேண்டும். பெரிய கல்லூரி, சிறிய கல்லூரி இரண்டிலிருந்தும் ஆட்கள், ஒரு கல்லூரிப் பாடத்தை இன்னொன்று ஏற்பதற்கான ஒப்பந்தங்களைக் கவனிக்கும் அலுவலர் ஒருவர், பாடத்தை ஏற்கப்போகும் பல்கலைக்கழகத்தின் துறை ஆசிரியர் ஒருவராவது அதில் இருக்கட்டும். கடைசியில் சொன்னவர் இல்லாமல் எழுதிய வரையறை, எல்லாம் முடிந்தபின் பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி வரும்.

வரையறையை இரண்டு பகுதியாகப் பிரிப்பது வேலையைப் பாதியாகக் குறைக்கும். முதல் பகுதி எல்லாக் கல்லூரியிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்று: தலைப்பு, குறைந்தபட்சக் கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் எண்), முன்தேவை (முதலில் தேறியிருக்க வேண்டிய பாடம்), விவரக்குறிப்பு, கற்றல் நோக்கங்கள், கட்டாய உள்ளடக்கம், மதிப்பீட்டு முறை. இரண்டாம் பகுதி உள்ளூர்ச் சேர்க்கைக்கு: கூடுதல் தலைப்புகள், கூடுதல் நோக்கங்கள், உள்ளூர்க் குறிப்புகள். இந்த இடைவெளி இல்லாவிட்டால் "எங்கள் பாடத்தை மாநிலம் எழுதுகிறது" என்ற எதிர்ப்பு முதல் வாரமே வரும். அந்தக் கோபத்தில் நியாயமும் இருக்கிறது.

மூன்று இடங்களில் குழு மாட்டிக்கொள்ளும். ஒன்று, கிரெடிட்: ஒரு கல்லூரியில் 3, மற்றதில் 4. குறைந்தபட்சத்தை மட்டும் நிர்ணயித்து, மேலே போகச் சுதந்திரம் கொடுங்கள். குவார்ட்டர் முறைக் கல்லூரிகள் (செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்களில் நடப்பவை) இருந்தால் ஒரு செமஸ்டர் கிரெடிட் ஒன்றரை குவார்ட்டர் கிரெடிட் என்று மாற்றிக் கணக்கிட வேண்டும். இரண்டு, தொடர்ப் பாடம்: ஒரு கல்லூரி கால்குலஸை இரண்டாக நடத்தும், இன்னொன்று மூன்றாக. பகுதிக்குப் பகுதி பொருத்தப் பார்க்காதீர்கள். முழுத் தொடரும் முடிந்தால்தான் முழுத் தொடருக்கும் சமம் என்று எழுதுங்கள். மூன்று, ஆய்வகம் சேர்ந்த பாடமும் பிரிந்த பாடமும். இதற்கு எண் முறையிலேயே இடம் வைக்க வேண்டும். ஒவ்வொரு பருவமும் தலைப்பு மாறும் சிறப்புப் பாடங்களுக்குப் பொது எண்ணே வேண்டாம்.

இப்போது எண்

நடைமுறையில் இருக்கும் வடிவங்களைப் பாருங்கள். டெக்சாஸில் நான்கு எழுத்து, நான்கு இலக்கம். முதல் இலக்கம் ஆண்டு நிலை, இரண்டாவது கிரெடிட், கடைசி இரண்டும் வரிசை. இங்கிலீஷ் 1301 என்றால் முதலாமாண்டு, 3 கிரெடிட். உயிரியல் 1406 விரிவுரையும் ஆய்வகமும் சேர்ந்த 4 கிரெடிட். பிரித்தால் 1306, 1106. பார்த்ததும் புரியும். ஆனால் கிரெடிட் மாறினால் எண்ணும் மாற வேண்டும்.

புளோரிடாவில் மூன்று எழுத்து, நான்கு இலக்கம். முதல் இலக்கமான நிலையை நிறுவனமே இடும். சமம் பார்ப்பது முன்னொட்டையும் கடைசி மூன்று இலக்கத்தையும் வைத்து. எல் என்ற பின்னொட்டு ஆய்வகம், சி சேர்ந்த பாடம். வாஷிங்டன் கம்யூனிட்டி கல்லூரிகள் துறைக் குறியீட்டுக்குப் பின் & குறி போட்டன: இங்கிலீஷ்& 101. ஓரிகான் 2021-இன் எஸ்பி 233 சட்டத்துக்குப் பின் எண்ணின் கடைசியில் இசட் சேர்க்கிறது. கலிபோர்னியாவில் நான்கு இலக்கத்துக்கு முன் சி: இங்கிலீஷ் சி1000. ஆனர்ஸ் (கூடுதல் ஆழமாக நடத்தும் வகுப்பு) என்றால் கடைசியில் எச், உடன் துணைப்பயிற்சி சேர்ந்தால் இ.

எங்கள் கருத்து: எண்ணுக்குள் அர்த்தத்தைத் திணிக்காமல், "இது பொதுப் பாடம்" என்று கண்ணில் படும் ஓர் அடையாளமும் வெறும் வரிசை எண்ணும் போதும். அடையாளம் இல்லாத முறையில் உள்ளூர்ப் பாடம் ஒன்று தற்செயலாக அதே எண்ணில் நிற்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள்.

முடிவெடுக்கும் முன் எல்லாக் கல்லூரிகளின் மென்பொருளிலும் எண் புலத்தின் நீளத்தைக் கேட்டு வாங்குங்கள். சி1000 ஐந்து எழுத்து, சி1000எச் ஆறு. ஐந்துக்கு மேல் ஏற்காத புலம் ஒரே ஒரு கல்லூரியில் இருந்தாலும் அது எல்லாருடைய பிரச்சினை. & போன்ற குறிகள் இணைய முகவரியிலும் தரவுக் கோப்பிலும் உடைவதுண்டு; அதையும் முன்பே சோதியுங்கள்.

மாணவர் பதிவு மென்பொருள்

உழைப்பில் பெரும்பங்கு இங்கே போகும், திட்டமிடும்போது யாரும் இதற்கு நாள் ஒதுக்குவதில்லை. பேனர் என்ற பதிவு மென்பொருள் போன்ற அமைப்பில் துறைக் குறியீடும் எண்ணும்தான் பாடத்தின் திறவுகோல். எண் மாறினால் புதுப் பதிவு தொடங்கி, பழையதை முடித்து, இரண்டையும் சமன் அட்டவணையில் இணைக்க வேண்டும். பீப்பிள்சாஃப்ட் என்ற இன்னொரு மென்பொருளில் பாடத்துக்கு உள் அடையாள எண் தனியே இருப்பதால் தேதி குறித்த புது வரிசை சேர்த்தால் போதும். எதுவானாலும் பழைய டிரான்ஸ்கிரிப்டில் (மாணவரின் மதிப்பெண் பதிவேட்டில்) கை வைக்காதீர்கள். படித்தபோது இருந்த எண்தான் அதில் நிற்க வேண்டும்.

சமன் இணைப்பு விட்டுப்போனால் முதலில் உடைவது மறுபடிப்புக் கணக்கு. பழைய 1ஏ-இல் தோற்ற மாணவர் சி1000-இல் தேறுவார். மென்பொருள் இரண்டையும் வேறு பாடமாக எண்ணி, தோற்ற மதிப்பெண்ணை சராசரியிலேயே விட்டுவைக்கும். உதவித்தொகைக்கும் இது முக்கியம்: ஏற்கெனவே தேறிய பாடத்தைத் திரும்பப் படிப்பது கூட்டாட்சி உதவிக் கணக்கில் ஒரே ஒரு தடவைதான் சேரும். அடுத்து உடைவது முன்தேவை. சி1000 பத்துப் பதினைந்து பாடங்களுக்கு முன்தேவையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் "பழையது அல்லது புதியது" என்று விதி மாற வேண்டும். பட்டத் தேவைகளைச் சரிபார்க்கும் மென்பொருளிலும் இதே திருத்தம், பழைய கேட்டலாக் (கல்லூரியின் வருடாந்தரப் பாடப் பட்டியல்) ஆண்டுகளுக்கும் சேர்த்து.

பதிவு திறக்கும் முன் சோதனைத் தளத்தில் இந்த மாணவர்களை உருவாக்கி ஓட்டுங்கள்:

- பழைய எண்ணில் தோற்று, புதிதில் சேர்பவர்
- பழையதில் தேறிவிட்டு, தெரியாமல் புதிதிலும் சேர முயல்பவர் (தடுக்கப்பட வேண்டும்)
- பழையதை முன்தேவையாகக் காட்டி அடுத்த பாடத்தில் சேர்பவர்
- பக்கத்துக் கல்லூரியில் பொது எண்ணில் படித்துவிட்டு வருபவர்
- தொடரின் முதல் பகுதியைப் பழைய எண்ணிலும் இரண்டாவதைப் புதிதிலும் படித்தவர்
- ஆனர்ஸ் வகுப்பில் தோற்று, சாதாரண வகுப்பில் மறுபடி படிப்பவர்

கடைசி ஆள்தான் அதிகம் தடுமாற வைப்பவர். ஆனர்ஸ், துணைப்பயிற்சி வடிவங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமம் என்று எழுத மறந்திருப்பார்கள்.

நாட்காட்டி

பின்னாலிருந்து எண்ணுங்கள். இலையுதிர் பருவப் பதிவு வசந்தத்திலேயே திறக்கும். அதற்கு முன் கேட்டலாக் வெளியாக வேண்டும். அதற்கு முன் நிர்வாகக் குழு, அதற்கும் முன் பாடத்திட்டக் குழு. ஆக, ஆசிரியர் குழுவின் வரையறை ஒரு முழுக் கல்வியாண்டு முன்பே கையில் இருக்க வேண்டும். பல்கலைக்கழகப் பரிசீலனைக்குத் தனி அவகாசம். எல்லாக் கல்லூரிகளும் ஒரே பருவத்தில் மாறட்டும். பாதிப் பேர் மாறிய ஒரு பருவம் பழைய குழப்பத்தைவிடக் கூடுதல் குழப்பம்.

வெளியே சொல்ல வேண்டியவர்கள்: பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகங்கள், இரட்டைச் சேர்க்கை (பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடம் படிப்பது) நடத்தும் உயர்நிலைப் பள்ளிகள், கலிபோர்னியாவில் எந்தப் பாடம் எதற்குச் சமம் என்று காட்டும் அசிஸ்ட் தளம், உதவித்தொகைப் பிரிவு, புத்தகக் கடை. பழைய எண், புது எண், மாறிய பருவம் மூன்றும் உள்ள பொருத்தப் பட்டியலை எல்லாருக்கும் திறந்த பக்கத்தில் வையுங்கள், எடுத்துவிடாதீர்கள். பத்து ஆண்டுக்கு முன் படித்தவரின் டிரான்ஸ்கிரிப்டோடு வேறு மாநிலப் பல்கலைக்கழகம் தேடி வருவது அந்தப் பக்கத்துக்குத்தான்.

ஓய்வு பெற்ற பழைய எண்ணை வேறு பாடத்துக்கு மறுபடி கொடுக்கக் கூடாது. இதை விதியாக எழுதி வையுங்கள், மென்பொருளிலும் பூட்டுங்கள். பொது வரையறையை யாராவது மாற்ற விரும்பினால் துறைக் குழு வழியாகத்தான் போக வேண்டும். தன் கல்லூரிக்கு மட்டும் முதல் பகுதியைத் திருத்திய பாடம் பொது எண்ணை விட்டுவிட்டு உள்ளூர் எண்ணுக்குத் திரும்ப வேண்டும், அடுத்த கேட்டலாக்கிலேயே.