பல வருடம் நின்ற வில்லிஸ் ஜீப்பை ஓட வைப்பது: தொடக்கநிலைச் செய்முறை

பழைய ஆஃப்-ரோடு வண்டி சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் வண்டியாக, இரண்டாம் உலகப் போர்க்காலத்து வில்லிஸ் ஜீப்பைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். இயந்திரம் எளிமையானது. உதிரிபாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். அந்தக் காலத்து ராணுவக் கையேடுகளும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. ஆனால் இருபது முப்பது வருடம் அசையாமல் நின்ற வண்டியை வாங்கிய கையோடு பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட்டரை மிதித்துப் பார்ப்பதுதான் அதற்குச் செய்யக்கூடிய மிகப்பெரிய கெடுதல். துருவில் ஒட்டிய ரிங் (பிஸ்டனைச் சுற்றிய வளையம்) உடையும், எண்ணெய் வற்றிய பேரிங் தேயும். கையால் முழுச் சுற்று சுற்றிப் பார்க்காத இன்ஜினை ஸ்டார்ட்டரால் சுற்றக்கூடாது. கீழே உள்ள வரிசை முழுவதும் இந்த ஒரு விதியை ஒட்டியதுதான்.

1. எந்த ஜீப் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

அமெரிக்க ராணுவம் 1940-இல் எடை குறைந்த நான்கு சக்கர இழுவை வண்டி கேட்டபோது, பென்சில்வேனியாவின் பான்டம் நிறுவனம்தான் கார்ல் ப்ராப்ஸ்ட் வரைந்த மாதிரியைக் குறித்த கெடுவுக்குள், செப்டம்பர் 23 அன்று, கொண்டுவந்து நிறுத்தியது. வில்லிஸும் ஃபோர்டும் பின்னால் வந்தவை. ஆனால் வில்லிஸின் 60 குதிரைத்திறன் 'கோ டெவில்' இன்ஜினுக்கு மற்ற இரண்டும் ஈடு கொடுக்கவில்லை. 1941 முதல் 1945 வரை வில்லிஸ் 'எம்பி' என்ற பெயரிலும், ஃபோர்டு 'ஜிபிடபிள்யூ' என்ற பெயரிலும் ஒரே வண்டியைச் சேர்ந்து ஆறு லட்சத்துக்கும் மேல் தயாரித்தன. பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்தத்திலேயே இருந்தது. அதனால்தான் இன்று கிடைக்கும் வண்டிகளில் பாதி எம்பியும் பாதி ஜிபிடபிள்யூவுமாகக் கலந்தவை நிறைய.

பாடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தைப் பாருங்கள். ரேடியேட்டருக்குக் கீழே முன் குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் எம்பி. கவிழ்த்த 'ப' வடிவில் மடித்த தகடாக இருந்தால் ஜிபிடபிள்யூ. ஃபோர்டு வண்டியில் போல்ட்டுத் தலைகளிலும் பல பாகங்களிலும் 'எஃப்' எழுத்து இருக்கும். கிரில்லில் ஒன்பது துளை என்றால் போர்க்கால வண்டி. ஏழு துளை, பெரிய ஹெட்லைட், பின்னால் திறக்கும் கதவு, பெட்ரோல் மூடி பாடிக்கு வெளியே என்றால் அது 1945–49 காலத்து சிஜே-2ஏ, பொதுமக்களுக்கானது. இன்ஜினும் அளவுகளும் பெரும்பாலும் ஒன்றே. கலப்பு வண்டி வாங்குவது தவறில்லை. அசல் வண்டியின் விலையை அதற்குக் கொடுப்பதுதான் தவறு.

2. துரு எங்கே ஒளிந்திருக்கும்

சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூடிரைவரும் போதும். சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று கேட்டால் நல்ல தகடு, மந்தமாகக் கேட்டால் உள்ளே அரித்திருக்கிறது. ஸ்பிரிங் மாட்டும் பிடிகள், பின் குறுக்குச் சட்டம், ஸ்டீயரிங் பாக்ஸ் பொருத்திய இடம் ஆகிய மூன்றிலும் விரிசல் இருக்கிறதா என்று கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டுப் பாருங்கள். பிறகு சேசிஸைக் குறுக்காக இரண்டு மூலைவிட்டமும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 6 மி.மீ.க்கு மேல் போனால் அந்த வண்டி எங்கோ மோதியிருக்கிறது. தொடக்கநிலையில் அதை விட்டுவிடுங்கள்.

போர்க்கால வண்டியின் தரைக்கு அடியில் ஓடும் தகட்டுத் தாங்கிகளுக்குள் மரக்கட்டை வைத்திருப்பார்கள். மரம் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்வதால் தகடு உள்ளிருந்து அரிக்கும். மேலே பெயின்ட் பளபளத்தாலும் அங்கே விரலால் அழுத்திப் பாருங்கள். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் டேங்க் உட்காரும் பள்ளமும் இதே கதைதான்.

3. இன்ஜினைக் கையால் விடுவிப்பது

அங்குல ஸ்பேனர்கள் வேண்டும்: 7/16, 1/2, 9/16, 3/4. மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டு நட்டின் முனைகளை மழுக்கிவிடாதீர்கள். பேட்டரி இணைப்பு வேண்டாம், கியர் நியூட்ரலில் இருக்கட்டும்.

நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். துரு இளக்கும் எண்ணெயை ஒவ்வொரு சிலிண்டருக்கும் 25 மி.லி. விட வேண்டும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இது சைடு வால்வு இன்ஜின். வால்வுகள் சிலிண்டருக்கு மேலே இல்லை, பக்கத்தில் பிளாக்கிலேயே நிற்கின்றன. பிளக் துளையும் அந்தப் பக்கம்தான். சும்மா ஊற்றினால் எண்ணெய் வால்வின் மேல் தேங்கும், பிஸ்டனைத் தொடாது. மெல்லிய குழாய் வைத்த எண்ணெய்க் கேனால் சிலிண்டர் இருக்கும் திசைக்குப் பீய்ச்சுங்கள். மூன்று நான்கு நாள் ஊறட்டும், தினமும் கொஞ்சம் விடுங்கள்.

பிறகு முன்னால் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலை மாட்டி மெதுவாக அசைத்துப் பாருங்கள். அரை அங்குலம் அசைந்தாலும் வெற்றிதான். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். ஒரு வாரம் ஆகியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிப் பார்ப்பதே வழி. வண்டியைக் கியரில் போட்டு வேறு வண்டியால் இழுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். ரிங்கோ கனெக்டிங் ராடோ போய்விடும். ஹெட்டைத் திரும்ப மாட்டும்போது புதுக் கேஸ்கெட் போட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக, மூன்று தவணையில் 65 அடி-பவுண்டு வரை முறுக்குங்கள்.

சுற்ற ஆரம்பித்ததும் மேனிஃபோல்டுக்கு (காற்றும் புகையும் போகும் குழாய்த் தொகுதி) பின்னால் உள்ள வால்வு அறையின் மூடியைக் கழற்றுங்கள். ஹேண்டிலை இரண்டு முழுச் சுற்று சுற்றினால் எட்டு வால்வும் ஒருமுறை ஏறி இறங்க வேண்டும். ஏறியது இறங்காமல் நின்றால் அதன் தண்டு கைடில் (தண்டு ஏறி இறங்கும் குழலில்) ஒட்டியிருக்கிறது. இந்த வகை இன்ஜினில் பிஸ்டன் வால்வை இடிக்காது என்பதால் பயப்பட வேண்டாம். எண்ணெய் விட்டு, சுற்றி, மறுபடி எண்ணெய் விடுங்கள். எல்லாம் இயங்கிய பின் வால்வு இடைவெளியை (வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் டாப்பெட்டுக்கும் நடுவில் உள்ளது) வையுங்கள்: எம்பிக்கு 0.014 அங்குலம், சிஜே-2ஏவுக்கு 0.016, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது.

4. எண்ணெய்

பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியது ஊற்றினால் போதாது, இன்ஜினுக்கு அடியில் உள்ள எண்ணெய்த் தொட்டியான சம்பையே கழற்றுங்கள். அடியில் கருங்களிம்பு ஒரு விரல் கனத்துக்குப் படிந்திருக்கும். எண்ணெயை உறிஞ்சும் மிதவை வலை அதில் புதைந்திருந்தால் பம்புக்கு எதுவும் போகாது. கழுவிப் பூட்டி, எஸ்ஏஇ 30 எண்ணெய் 3.8 லிட்டரும், ஃபில்டருக்குக் கூடுதலாக ஒரு லிட்டர் அளவும் ஊற்றுங்கள். ஆயில் பம்பை மட்டும் அவசரப்பட்டுக் கழற்றாதீர்கள். பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றுவது பம்பின் தண்டுதான். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் டைமிங், அதாவது தீப்பொறி விழும் நேரம், முழுவதும் மாறிவிடும்.

5. மின்சாரமும் பெட்ரோலும்

'ஆறு வோல்ட் வண்டி ஸ்டார்ட் ஆகாது' என்ற பேச்சை நம்பி எல்லாவற்றையும் 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் குற்றவாளி கேபிள்தான். அதே வேலைக்கு ஆறு வோல்ட்டில் இரு மடங்கு ஆம்பியர் ஓட வேண்டும். இன்றைய கார்களின் மெல்லிய கேபிள் அதைத் தாங்காது. 50 சதுர மி.மீ. செம்புக் கேபிள் போடுங்கள். எர்த் இணையும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் பூட்டுங்கள். இன்ஜினிலிருந்து சேசிஸுக்குத் தனிப் பட்டையும் வேண்டும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் பாயின்ட்டின் இடைவெளி 0.020 அங்குலம், பிளக் 0.030. ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர், எரியும் வரிசை 1-3-4-2, டிஸ்ட்ரிபியூட்டர் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்று. டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு 5 டிகிரி முன். அதன் குறி ஃப்ளைவீலில் இருக்கும், பெல் ஹவுசிங்கின் துளை வழியே பார்க்கலாம்.

முதல் ஸ்டார்ட்டுக்கு வண்டியின் டேங்கைத் தொடவே வேண்டாம். உள்ளே துருவும் கெட்டியான பழைய பெட்ரோலும்தான் இருக்கும். கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, மிதவை உயரம் 3/8 அங்குலம் வைத்து, ஒரு லிட்டர் கேனிலிருந்து குழாய் மூலம் பெட்ரோல் கொடுங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

6. முதல் ஸ்டார்ட்

ரேடியேட்டரைக் கழுவித் தண்ணீர் நிரப்புங்கள், 10 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரை மிதியுங்கள், பத்து விநாடிக்கு ஒருமுறை இடைவெளி விட்டு. ஆயில் கேஜ் முள் எழும்பிய பிறகே பிளக்கைப் போட வேண்டும். ஓடத் தொடங்கியதும் கண் கேஜை விட்டு அகலக் கூடாது. பத்து விநாடியில் அழுத்தம் வராவிட்டால் நிறுத்திவிடுங்கள். முதல் சில நிமிடம் வெண்புகை வரும், நீங்கள் விட்ட எண்ணெய்தான் அது. ஒரு மணி நேரம் ஓடிய பின் எண்ணெயை மறுபடி மாற்றுங்கள்.

7. நகர்த்துவதற்கு முன் பிரேக்

நான்கு சக்கரத்துக்கும் ஒரே ஹைட்ராலிக் சுற்று. ஒரு ஹோஸ் வெடித்தால் மிதி தரைக்குப் போய்விடும். எனவே ஹோஸ், வீல் சிலிண்டர், மாஸ்டர் சிலிண்டர் ரப்பர்கள் எல்லாம் பார்க்க நன்றாக இருந்தாலும் புதிது போடுங்கள்.

டிரம்மைக் கழற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள்: இடப்பக்கச் சக்கர நட்டுகள் இடப்புரி. வழக்கம்போல் இடதுபக்கம் திருகினால் இன்னும் இறுகும். நீண்ட கம்பி போட்டு அழுத்தினால் ஸ்டட் முறியும்.

கியர் எண்ணெய்க்கு ஜிஎல்-4 தர 90 எண் போதும். ஜிஎல்-5 எண்ணெயின் கந்தகச் சேர்மங்கள் கியர்பாக்ஸின் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். அளவு: கியர்பாக்ஸ் 0.7 லிட்டர், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸின் சக்தியை முன், பின் அச்சுகளுக்குப் பிரிப்பது) 1.4, டிஃபரென்ஷியல் ஒவ்வொன்றும் 1.2. கியர்பாக்ஸில் குறைந்து டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடியிருந்தால் நடுவில் உள்ள சீல் போயிருக்கிறது.

முதல் ஓட்டம் சமதளத்தில், இரண்டாம் கியரில், ஐந்து கிலோமீட்டருக்குள். திரும்பியதும் நான்கு டிரம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்தச் சக்கரத்தின் ஷூ பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐம்பது கிலோமீட்டர் ஓடிய பின் சக்கர நட்டு, யூ-போல்ட்டு, ஸ்டீயரிங் இணைப்புகள் எல்லாவற்றையும் மறுபடி முறுக்குங்கள். பெயின்ட் வேலை அதற்கப்புறம் தொடங்கலாம்.