பூட்டிய வீட்டுக்கு மறுபடி போங்கள்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கொழிஞ்சாம்பாறைக்கும் கோபாலபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர்களில் 26 ஆண்டுகள் கிராமச் செவிலியராக வீடு வீடாக நடந்தவள் நான். அண்மையில் கல்லூரிப் பிள்ளைகள் நால்வர் வந்து, "எங்கள் வார்டில் யாருக்கெல்லாம் சிகிச்சை எட்டவில்லை என்று கணக்கெடுக்க வேண்டும். எப்படிச் செய்வது, அம்மா?" என்று கேட்டார்கள். அவர்களிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் தொடங்காதீர்கள். ஓ.பி. (புறநோயாளி) சீட்டுக்கு வரிசையில் நிற்பவரிடம் கேட்டால் வந்தவர் கதை மட்டுமே கிடைக்கும். நீங்கள் தேடுகிறவர் அந்த வரிசையில் இல்லை. பஞ்சாயத்தின் வீட்டுப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். வார்டில் 500 வீடுகள் இருந்து 100 வீடுகளைப் பார்க்க முடியும் என்றால், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்ணைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். மூன்று வந்தால் 3, 8, 13 என்று போய்க்கொண்டே இருங்கள். தெரிந்த வீடு, திண்ணை உள்ள வீடு, நாய் இல்லாத வீடு என்று தேடிப் போகக் கூடாது.

அந்த எட்டாவது வீடு பூட்டியிருந்தால் ஒன்பதாவது வீட்டுக்குப் போய்விடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஒரு தெருவில் இரத்த அழுத்த மாத்திரை வாங்க வராதவர்களை "அக்கறை இல்லாதவர்கள்" என்று இரண்டு ஆண்டுகள் என் நோட்டில் எழுதிவந்தேன். ஒருநாள் இரவு எட்டு மணிக்கு டார்ச் விளக்கோடு போனேன். எல்லா வீடும் திறந்திருந்தது. மாந்தோப்பு வேலைக்கு விடியுமுன் போய்ச் சாயங்காலம் திரும்புகிறவர்கள். "ஓ.பி. ஒரு மணிக்கு முடிந்துவிடுகிறது. மாத்திரை வாங்க வந்தால் ஒருநாள் கூலி போய்விடும், சிஸ்டர்" என்றார் ஒரு மூதாட்டி. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2017-இல் கேரள அரசின் ஆர்த்ரம் என்ற சுகாதாரத் திட்டம் வந்து, ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாறிய பிறகு, அவற்றில் மாலை ஆறு மணி வரை ஓ.பி. என்று ஆனபோது நான் நினைத்துக்கொண்டது அந்தத் தெருவைத்தான். ஆகவே பூட்டிய வீட்டுக்கு வெவ்வேறு நேரத்தில் குறைந்தது மூன்று முறை போங்கள். அப்போதும் பூட்டியிருந்தால் அதையும் பதிவு செய்யுங்கள்.

"அரசு மருத்துவமனை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடந்த 15 நாளில் வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை? முதலில் எங்கே போனீர்கள்? ஏன் அங்கே? கடந்த ஓராண்டில் யாராவது ஆஸ்பத்திரியில் படுக்கையில் சேர்ந்தார்களா? மத்திய அரசின் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பும் இந்த 15 நாள், 365 நாள் அளவையே வைத்திருக்கிறது. அதற்கு மேல் போனால் நினைவு கலங்கிவிடும். செலவைக் கேட்கும்போது மருந்து விலையோடு நிறுத்தாதீர்கள். பஸ், துணைக்கு வந்தவரின் கூலி, அடகு வைத்த கம்மல் எல்லாம் செலவுதான்.

எல்லை ஊருக்கென்று சில கேள்விகள் தனியே வேண்டும். இங்கே பலர் பொள்ளாச்சிக்கோ கோயம்புத்தூருக்கோ போகிறார்கள். அங்கே போனால் எந்தக் காப்பீட்டு அட்டை செல்லும், எது செல்லாது என்று தெரியாமல் கைக்காசைக் கொடுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. தலைப்பிரசவத்துக்கு எல்லைக்கு அப்பால் தாய்வீடு போகும் பெண்ணை இந்தப் பக்கத்துப் பதிவேடு "இடம் பெயர்ந்தார்" என்று முடித்துவிடும். அந்தப் பக்கத்துப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறியிருக்காது. குழந்தையின் தடுப்பூசி அந்த இடைவெளியில் விழுந்துவிடுகிறது. இன்னொரு கேள்வியையும் விடாதீர்கள்: மாத்திரை உறையில் எழுதியிருப்பதை உங்களால் படிக்க முடிகிறதா? தமிழ் வழியில் படித்தவர்கள் மலையாள எழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு, ஊகத்தில் விழுங்குவதைக் கண்டிருக்கிறேன். கேள்வித்தாளைத் தமிழில் எழுதி, ஐந்து வீட்டில் வாசித்துப் பார்த்து, புரியாத சொல்லை மாற்றுங்கள்.

உட்காரும் முன்பே எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றால் கும்பிட்டு விடைபெறுங்கள். பதில் தாளில் பெயர் வேண்டாம், எண் போதும். பெயர்ப் பட்டியல் தனி நோட்டில் பூட்டி இருக்கட்டும். காசநோய், மனநோய், கருக்கலைப்பு பற்றி மாமியார் முன்னால் மருமகளிடம் கேட்பது பாவம்.

கணக்குப் போடும்போது சராசரியோடு நின்றுவிடாதீர்கள். நூற்றில் 80 வீட்டுக்குச் சிகிச்சை எட்டுகிறது என்றால் மனம் நிறையும். எட்டாத 20 வீடும் ஒரே காலனியில் இருந்தால்? கூலிக்காரர், நிலமுள்ளவர், பெண், முதியவர், பஸ் நிறுத்தத்துக்குத் தூரம் என்று பிரித்துப் பாருங்கள்.

முடிவை முதலில் மருத்துவ அலுவலரிடம் கொடுத்து ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். கூட்டத்தில் திடீரென்று கேட்டால் அவரும் தன்னைத் தற்காத்துக்கொள்ளத்தான் பார்ப்பார். பிறகு வார்டு கிராம சபையில் தமிழிலும் மலையாளத்திலும் வாசியுங்கள். பதில் சொன்னவர்கள் வரும்படி கூட்டம் மாலையில் நடக்கட்டும். ஆறு மாதம் கழித்து அதே வீடுகளுக்கு, அதே கேள்விகளோடு மறுபடி போங்கள்.