பழுப்புக் குதிரையில் வந்தவன் யார்? ஃபேரி கிளைக்கதை எழுதப் பழகுவோம்

ஃபேரி எனும் மாய மனிதர்களைப் பற்றிய கதைகளை விடிய விடியப் படிக்கிற இளசுகள் அடுத்துக் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "அந்த உலகத்தில் நானும் ஒரு கதை எழுதலாமா?" தாராளமாக எழுதலாம். நாயகியின் தம்பி, நாயகனின் தோழன், வில்லியின் மகன் என்று யாரையாவது பிடித்துக்கொண்டு, பழைய கதைக்குப் பக்கத்திலேயே புதுக்கதை தொடங்குவதைத்தான் ஸ்பின்-ஆஃப் என்கிறார்கள். நான் கிளைக்கதை என்றே எழுதுகிறேன். இந்தப் பதிவில் அப்படி ஒரு கதையை அடியிலிருந்து கட்டிக் காட்டுகிறேன். நாயகனுக்குப் பதினாறு வயது. நீங்களும் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கூடவே வாருங்கள்.

தொடங்குமுன் ஒன்று. இறக்கையும் மந்திரக்கோலுமாக வரும் குட்டி உருவங்களை மறந்துவிடுங்கள். ஸ்காட்லாந்து, அயர்லாந்து நாட்டார் கதைகளில் ஃபேரிகள் பல நேரம் ஆள் உயரத்துக்கு இருப்பார்கள், குன்றுக்குள் அரசவை நடத்துவார்கள், ஆள் கடத்துவார்கள். ஊர்க்காரர்கள் பெயர் சொல்லப் பயந்து 'நல்லவர்கள்' என்றே குறிப்பிடுவார்கள். நம் ஊரில் அம்மை போட்டால் 'ஆத்தா வந்திருக்கா' என்போமே, அந்த மாதிரி.

படி 1: யாருக்கும் சொந்தமில்லாத மூலக்கதையை எடுங்கள்

இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியரின் உலகத்தை எடுத்தால், நண்பர்களோடு பகிர்வதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கும். விற்க முடியாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு, பிரிட்டனில் 70. நாட்டார் பாடல் என்றால் இந்தத் தலைவலி இல்லை.

நான் எடுப்பது ஸ்காட்லாந்தின் தெற்கு எல்லைப் பகுதியில் பாடப்பட்ட 'டாம் லின்' என்ற கதைப்பாடல். 1549 வாக்கில் வந்த ஒரு நூலிலேயே இந்தக் கதையின் பெயர் வருகிறது. கதைச் சுருக்கம் இதுதான். செல்கிர்க் ஊருக்குப் பக்கத்தில், எட்ரிக், யாரோ (Yarrow) என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் கார்ட்டர்ஹா என்று ஒரு காடு. போகாதே என்று சொல்லியும் ஜேனட் என்ற பெண் அங்கே போய் ரோஜா பறிக்கிறாள். டாம் லின் எதிரே வந்து நிற்கிறான். பிறகு அவள் கருவுறுகிறாள். அவன் தன் கதையைச் சொல்கிறான்: மனிதனாகப் பிறந்தவன், வேட்டையிலிருந்து திரும்பும்போது குதிரையிலிருந்து விழுந்தான், ஃபேரி ராணி பிடித்துக்கொண்டாள். ஃபேரிகள் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை நரகத்துக்கு ஓர் ஆளை வரியாகக் கட்ட வேண்டும். இந்த முறை தன்னைக் கொடுத்துவிடுவார்களோ என்று அவனுக்குப் பயம்.

அன்று ஹாலோவீன் இரவு, அதாவது அக்டோபர் 31. நள்ளிரவில் மைல்ஸ் கிராஸ் என்ற இடத்தில் ஃபேரி ஊர்வலம் வரும். கறுப்புக் குதிரையை விட்டுவிடு, பழுப்புக் குதிரையை விட்டுவிடு, வெள்ளைக் குதிரையில் வருகிறவனைக் கீழே இழு என்கிறான். அப்படியே செய்கிறாள். அவள் பிடியிலேயே அவன் பாம்பாக, கரடியாக, சிங்கமாக, பழுக்கக் காய்ச்சிய இரும்பாக, கடைசியில் எரியும் கங்காக மாறுகிறான். அவள் விடவில்லை. அந்தக் கங்கைத் தூக்கிக் கிணற்று நீரில் எறிந்ததும் மனிதனாக எழுகிறான். தன் பச்சை மேலாடையால் மூடிக்கொள்கிறாள். ராணி கொதித்துப் போகிறாள். பாட்டு முடிந்தது.

படி 2: தீராத கணக்கைத் தேடுங்கள்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியைத்தான் உருப்படியாகச் செய்வீர்கள் என்றால், இதைச் செய்யுங்கள். மூலக்கதை 'சுபம்' போட்ட இடத்தில் யாருடைய கணக்கு தீராமல் நிற்கிறது என்று பாருங்கள். புதிதாகத் தொடங்குகிற பலர் தங்களுக்குப் பிடித்த துணைப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவனுக்கு என்ன நடக்கும் என்று யோசிக்கிறார்கள். பிடித்திருப்பது மட்டும் கதையாகாது. நாலு அத்தியாயம் ஓடும், பிறகு நின்றுவிடும்.

நம் பாட்டில் கணக்கு கண்ணெதிரே கிடக்கிறது. டாம் லின் தப்பித்துவிட்டான், சரி. வரி? அதை யார் கட்டியது? பாட்டு அதைப் பற்றி மூச்சே விடவில்லை.

அடுத்து, ஆள். ஜேனட் இரண்டு குதிரைகளைப் போகவிட்டாளே, அவற்றில் இருந்தது யார்? வெள்ளைக் குதிரை தனக்குக் கிடைத்த காரணத்தை டாம் லினே சொல்கிறான்: மனிதர்களில் வீரனாக இருந்ததால் அந்த மரியாதை. அப்படியானால் அதே குன்றுக்குள் மனிதப் பிறவி இன்னொருவன் இருந்து, வீரனாக இல்லாமல் வெறும் மாட்டுக்காரப் பையனாக இருந்திருந்தால்? அவனுக்கு என்ன நிறக் குதிரை கொடுத்திருப்பார்கள்?

பழுப்பு. நம் நாயகன் கிடைத்துவிட்டான். டேவி என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

உங்கள் மூலக்கதைக்கும் இதே இரண்டு கேள்விகள்தான்: கட்டாமல் போன விலை எது, அதைக் கட்டுமிடத்தில் நின்றுகொண்டிருந்தது யார்.

படி 3: விதிகளைக் குறைவாக வையுங்கள்

நாட்டார் மரபில் விதிகள் கொட்டிக் கிடக்கின்றன. ஃபேரிகளுக்கு இரும்பு ஆகாது, அதனால் தொட்டிலில் கத்தியோ கத்திரிக்கோலோ வைப்பார்கள். ரோவன் மரக்குச்சியைச் சிவப்பு நூலில் கட்டினால் காவல். அவர்கள் உணவைத் தின்றால் திரும்ப முடியாது. உள்ளே காலம் வேறு கணக்கில் ஓடும். அயர்லாந்துக் கதையில் ஓஷின் மூன்றே ஆண்டு போனதாக நினைத்துத் திரும்பி வந்தால் 300 ஆண்டு கழிந்திருக்கும்.

எல்லாவற்றையும் அள்ளிப் போடாதீர்கள். மூன்று போதும். அந்த மூன்றும் உங்கள் நாயகனிடமிருந்து எதையாவது பறிப்பதாக இருக்க வேண்டும். டேவிக்கு நான் எடுத்தவை: வரி, காலம், ஒப்பந்தம். இரும்பை வேண்டுமென்றே விட்டுவிட்டேன். இரும்பைக் கண்டால் ஒதுங்குகிறவர்கள் டாம் லினை எப்படிக் காய்ச்சிய இரும்பாக மாற்றினார்கள் என்று விவரமான வாசகர் ஒருவர் கட்டாயம் கேட்பார். என்னிடம் நல்ல பதில் இல்லை, பாட்டிலும் இல்லை.

நாடுகளையும் கலக்காதீர்கள். பூக்கா, லெப்ரகான் போன்ற மாய உருவங்கள் எல்லாம் அயர்லாந்துச் சரக்கு. நம் கதை நடக்கும் எல்லைப் பகுதியில் பிரவுனி உண்டு. இரவில் வந்து வீட்டுவேலை செய்யும், புதுத்துணி கொடுத்தால் கிளம்பிப் போய்விடும். பாழடைந்த கோட்டைகளில் ரெட்கேப் உண்டு. மனித ரத்தத்தில் தொப்பிக்குச் சாயம் போடும். இந்த இரண்டே போதும்.

இதெல்லாம் செத்துப்போன நம்பிக்கை என்று அலட்சியமாகவும் எழுத வேண்டாம். 1999இல் அயர்லாந்தின் கிளேர் பகுதியில், லாட்டூன் என்ற இடத்தில் நெடுஞ்சாலை வேலைக்கு ஒரு முள்மரம் குறுக்கே நின்றது. அது ஃபேரிகள் கூடும் மரம், வெட்டக் கூடாது என்று கதைசொல்லி எடி லெனிஹன் குரல் கொடுத்தார். மரத்தைக் காப்பாற்றித்தான் சாலை போட்டார்கள்.

படி 4: கெடு வையுங்கள்

ஹாலோவீன் இரவில் டாம் லின் கைநழுவிப் போனான். ராணிக்கு வரி கட்ட எத்தனை நாள் இருக்கிறது? இங்கே ஸ்காட்லாந்து நாட்காட்டி நமக்குக் கைகொடுக்கிறது. அங்கே குத்தகை கட்டவும், வேலையாட்களை அமர்த்தவும் விடுவிக்கவும் தவணை நாட்கள் இருந்தன. அவற்றில் ஒன்று மார்ட்டின்மஸ், நவம்பர் 11. அபர்ஃபாயில் ஊரின் பாதிரியார் ராபர்ட் கிர்க் 1690களின் தொடக்கத்தில் ஃபேரிகளைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஆண்டின் ஒவ்வொரு காலாண்டுத் தொடக்கத்திலும் அவர்கள் குடியிருப்பை மாற்றுவார்கள் என்கிறார் அதில்.

இரண்டையும் சேர்த்தால் போதும், கதைக்கு எலும்பு வந்துவிட்டது. நவம்பர் 11 அன்று வரி வாங்க ஆள் வருவான், குன்றும் காலியாகும். டேவிக்கு 11 நாள். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்தாலே முதல் நாவலுக்கு வரைபடம் கிடைத்துவிடும்.

படி 5: பதினாறு வயதுக்கு ஒரு சொந்த வலி

நரகத்துக்குப் போய்விடுவோமோ என்ற பயம் எந்த வயதுக்கும் பொது. இளையோர் கதைக்கு வேறொன்றும் வேண்டும்: வீட்டில் நான் யார் என்ற கேள்வி. டேவி குன்றுக்குள் போனபோது அவனுக்குப் பதினாறு, தம்பி ராபுக்கு ஒன்பது. உள்ளே ஒரே ஒரு குளிர்காலம் போன மாதிரி இருந்தது. வெளியே 14 ஆண்டு, அதாவது இரண்டு வரிக்காலம். இப்போது ராபுக்கு இருபத்து மூன்று. தம்பி அண்ணனுக்கு மூத்தவனாகிவிட்டான்.

காலம் பதினாறாம் நூற்றாண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லையில் குடும்பங்கள் இரவோடு இரவாக மாடு கவரும் காலம். 1603இல் இரு நாடுகளுக்கும் ஒரே அரசர் வந்த பிறகுதான் அந்த ஆட்டம் அடக்கப்பட்டது. ராப் ஈட்டியும் குதிரையுமாக அப்படி ஒரு கூட்டத்தில் இருக்கிறான். வாசலில் வந்து நிற்கும் பையனைப் பார்த்து "யாருடா நீ?" என்கிறான். அதே ராப் எந்த அத்தியாயத்தில் வாய் தவறி "அண்ணா" என்கிறான் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள். என்னைக் கேட்டால், ஏழாம் நாளுக்கு முன்னால் வேண்டாம்.

படி 6: பழைய காட்சியை வேறு கண்ணால் எழுதுங்கள்

முதல் அத்தியாயத்தை எழுதுமுன் இந்தக் காட்சியை எழுதிவிடுங்கள். மூலக்கதையின் பெரிய தருணம், உங்கள் நாயகன் நின்ற இடத்திலிருந்து. என் மாதிரி இது:

*கடிவாள மணிகள் எனக்கு முன்னால் ஒலித்துக்கொண்டு போயின. என் குதிரைக்கு மணி கிடையாது. வேலைக்காரப் பையனுக்கு எதற்கு?*

*மைல்ஸ் கிராஸில் யாரோ குந்தியிருந்தார்கள். பச்சை மேலாடை. நான் நெருங்கியதும் அவள் பாதி எழுந்து கையை நீட்டினாள். விரல் என் முட்டியைத் தொட்டுவிடும் தூரம். அப்போது மேகம் விலகியது. குதிரையின் நிறத்தைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.*

*பின்னால் குளம்புச் சத்தம் குழம்பியது. ஒரு குதிரை கனைத்தது. வரிசையில் போகும்போது திரும்பக் கூடாது என்பதால் நான் திரும்பவில்லை. ராணி திரும்பினாள். கறுப்பு, பழுப்பு, காலிச் சேணத்தோடு வெள்ளை. ஒருமுறை எண்ணினாள். மறுபடி எண்ணினாள். இந்த முறை என்னிடம் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.*

கவனியுங்கள், வரி என்ற சொல்லே இதில் வரவில்லை. டாம் லின் பெயரும் இல்லை. பாட்டு தெரிந்தவருக்கு அந்த நீட்டிய கை போதும். தெரியாதவருக்கு ராணி எண்ணியது போதும். ஜேனட் நல்லவள்தான், ஆனால் டேவியின் பக்கத்திலிருந்து பார்த்தால் அவனைத் தாண்டிப் போனவள். கிளைக்கதைக்கு இந்தக் கோணல்தான் உயிர்.

பழைய நாயகர்களை இதற்குமேல் அதிகம் கூப்பிடாதீர்கள். ஜேனட் நடுவில் ஒருமுறை வரட்டும். அவள் வந்து காப்பாற்றினால் அது அவள் கதையாகிவிடும்.

படி 7: முடிவை ஒப்பந்தத்துக்குள்ளேயே தேடுங்கள்

ஃபேரி கதையில் கடைசிச் சண்டையை வாளால் முடித்தால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும். வாய்ச்சொல்லில் பிடிப்பதுதான் அழகு. மார்ட்டின்மஸ் குத்தகை நாள் மட்டுமல்ல, வேலையாட்கள் விடுபடும் நாளும் என்று பார்த்தோமே? டேவி அங்கே விருந்தாளி இல்லை, கைதியும் இல்லை. குதிரை தேய்த்த வேலைக்காரன். வரி வாங்குகிறவன் வாசலுக்கு வருமுன், தவணை முடிந்தது, கணக்கை முடித்து அனுப்புங்கள் என்று கேட்கிறான். இதற்கான விதையை இரண்டாம், மூன்றாம் அத்தியாயத்திலேயே போட்டிருக்க வேண்டும். கூலி பேசியதையோ, ஒரு காசு முன்பணம் வாங்கியதையோ போகிறபோக்கில் சொல்லிவிடுங்கள்.

ராணி கணக்கு முடிக்கிறாள். கூலி, உழைத்த 14 ஆண்டு. வாங்கிக்கொண்டால் அந்த நிமிடமே முப்பது வயது; மறுபடி ராபுக்கு அண்ணன். வேண்டாம் என்றால் பதினாறாகவே தம்பி வீட்டில், தம்பி சொல் கேட்டு. நானாக இருந்தால் இரண்டாவதைத்தான் எழுதுவேன். நீங்கள் முதலாவதை எழுதினாலும் சண்டைக்கு வர மாட்டேன். அப்புறம், வரியை யார் கட்டுவது என்ற கணக்கு இன்னும் நிற்கிறதே என்றால், ராணி தன் ஆட்களிலேயே ஒருவரைக் கொடுக்க வேண்டிவரும். இரண்டாம் பாகம் அங்கே தொடங்கலாம்.

படி 8: இருவரிடம் படிக்கக் கொடுங்கள்

மூலக்கதை தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர். முதல் மூன்று அத்தியாயம் மட்டும் கொடுங்கள், விளக்கம் எதுவும் சொல்லாதீர்கள். தெரியாதவர் "யார் இந்த ஜேனட்?" என்று கேட்டால் பரவாயில்லை, அது ஆர்வம். "இப்போது டேவிக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டால் ராணி எண்ணும் காட்சியை இன்னும் முன்னால் கொண்டுவாருங்கள். தெரிந்தவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தப் பக்கத்தில் பாட்டை மறந்துவிட்டுப் படிக்க ஆரம்பித்தீர்கள்? அந்தப் பக்கத்துக்கு முன்னால் இருப்பதில் எவ்வளவு வெட்டலாம் என்று அன்றைக்கே உட்கார்ந்து பாருங்கள்.