டர்போ இன்ஜினுக்கு எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டர்: குறைத்துக் காட்ட வைக்கும் தவறுகள்

பேரணாம்பட்டிலிருந்து வி.கோட்டா மலைப்பாதையில் சரக்கோடு ஏறும் லாரிக்கும், ஆலங்காயம் பக்கம் பாறையில் போர் போட்டுக்கொண்டிருக்கும் ரிக் வண்டியின் கம்ப்ரஸர் இன்ஜினுக்கும் இருக்கும் ஆபத்து ஒன்றுதான். இன்ஜின் தண்ணீரின் சூட்டைக் காட்டும் மீட்டர் முள் இருக்கவேண்டிய இடத்தில் இருக்கும். ஆயில் பிரஷரும் சரியாக இருக்கும். ஆனால் சிலிண்டரை விட்டு வெளியேறும் புகை எல்லை மீறிக் கொதித்துக்கொண்டிருக்கும். ஏர் ஃபில்டர் அடைத்தாலும், இன்டர்கூலர் (டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் கிளிப் நழுவிக் காற்று கசிந்தாலும், பம்பில் டீசலைக் கூட்டி வைத்தாலும் முதலில் ஏறுவது புகையின் சூடுதான். தண்ணீர் சூடாக நிமிஷங்கள் பிடிக்கும். புகைக்குச் சில விநாடி போதும். ரிக் இன்ஜின் நிலை இன்னும் மோசம். வண்டி நகராது, எதிர்க்காற்று கிடையாது, மே மாத வெயிலில் மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடவேண்டும்.

அதனால்தான் புகையின் சூட்டைக் காட்டும் எக்ஸாஸ்ட் வெப்ப மீட்டரை வாங்கி மாட்டுகிறார்கள். ஆனால் பொருத்தும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை மீட்டரைக் குறைத்துக் காட்ட வைக்கின்றன. 720 டிகிரி ஓடும்போது முள் 600-இல் நின்றால் டிரைவர் நிம்மதியாக மிதிப்பார். மீட்டரே இல்லாத வண்டியில் புகையின் நிறத்தையும் இழுவையையும் பார்த்தாவது காலை எடுத்திருப்பார்.

வாங்கும்போது

டீசலுக்கு 900 அல்லது 1000 டிகிரி செல்சியஸ் வரை காட்டும் மீட்டர் வேண்டும். பாரன்ஹீட் மீட்டர்களும் விற்பனைக்கு வருகின்றன. அதில் 1300 என்பது நமக்கு 704. சென்சார் கே டைப் தெர்மோகப்பிளாக (இரண்டு வேறு உலோகக் கம்பிகள் நுனியில் சேர்ந்த சென்சார்) இருக்கட்டும். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பாய்லர், மோல்டிங் மெஷின் சாமான் விற்கும் கடைகளில் ஜே டைப்பும் கிடைக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஜே டைப்பைக் கே மீட்டரில் மாட்டினால் 700 டிகிரி இருக்கும்போது 940-க்கு மேல் காட்டும். கூட்டிக் காட்டும் அபூர்வமான தவறு இது. ஆனால் அதைப் பார்த்துவிட்டு "மீட்டர் பொய் சொல்லுது" என்று பழகிய டிரைவர் பிறகு எந்த மீட்டரையும் நம்ப மாட்டார். சென்சாரின் உறை இன்கோனலில் (சூடு தாங்கும் நிக்கல் கலவை) இருப்பது நல்லது. தடிமன் 3 மிமீ இருந்தால் முள் சட்டென்று அசையும். 6 மிமீ உறை மெதுவாகத்தான் காட்டும், ஆனால் அதிர்வைத் தாங்கும். தினமும் மலை ஏறும் லாரிக்கு 6 தேவலை.

எந்த இடத்தில்

டர்போவுக்குள் புகையின் விசையில் சுழலும் டர்பைன் சக்கரம்தான் இன்ஜினுக்குக் காற்றைத் தள்ள வைக்கிறது. அந்த டர்போவுக்குப் பின்னால் சைலன்சர் குழாயில் மாட்டுவது சுலபம். ஓட்டை போடும்போது தூள் விழுந்தாலும் டர்போவுக்கு ஒன்றும் ஆகாது. அதனாலேயே பல பட்டறைகளில் அங்கே மாட்டிவிடுகிறார்கள். ஆனால் டர்பைன் சக்கரத்தைச் சுற்றிவிட்ட பிறகு புகையின் சூடு இறங்கிவிடும். சுமையில் 100 முதல் 200 டிகிரி வரை குறையும். அந்த வித்தியாசமும் சுமைக்கும் வேகத்துக்கும் ஏற்ப மாறும். ஆகவே "பின்னால் காட்டுவதோடு 150 கூட்டிக்கொள்" என்ற கணக்கு மலையில் ஏமாற்றும். பிஸ்டனையும் வால்வையும் காக்கவேண்டுமானால் சென்சார் டர்போவுக்கு முன்னால், மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் வார்ப்புக் குழாய்) எல்லா சிலிண்டரின் புகையும் சேரும் இடத்தில் இருக்கவேண்டும்.

6 சிலிண்டர் இன்ஜின்கள் பலவற்றில் மேனிஃபோல்டு இரண்டு வழியாகப் பிரிந்து டர்போவுக்குள் போகும்: 1, 2, 3 ஒரு வழி, 4, 5, 6 மறு வழி. ஒரே சென்சார் போட்டால் பாதி இன்ஜினைத்தான் பார்க்கிறீர்கள். மறுபாதியில் ஒரு இன்ஜெக்டர் ஒழுகினால் முள் அசையாது. இப்படிப்பட்ட இன்ஜினுக்கு இரண்டு சென்சார் போட்டு, நடுவில் ஒரு செலக்டர் ஸ்விட்ச் வைத்துக்கொள்ளலாம்.

நுனி குழாய்க்குள் எவ்வளவு நீட்டுகிறது என்பதையும் அளந்து பாருங்கள். சுவரை ஒட்டி நின்றால் இரும்பின் சூட்டைத்தான் காட்டும். உள் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே போகட்டும். நடு வரை போனால் இன்னும் நல்லது. டர்பைன் சக்கரத்தின் வாசலிலேயே மட்டும் வைக்காதீர்கள். வளைவும் நெருக்கமும் உள்ள இடத்தில் நுனி உடைந்தால் நேரே சக்கரத்தில்தான் போய் விழும்.

ஓட்டை போடுவது

டர்போவைக் கழற்றாமல் மேனிஃபோல்டில் ட்ரில் போட்டுவிட்டு, "ஸ்டார்ட் பண்ணா தூள் வெளிய பறந்துரும்" என்பார்கள். பறக்கும்தான், டர்பைன் இறக்கைகளின் வழியாக. மேனிஃபோல்டைக் கழற்றுங்கள், குறைந்தபட்சம் டர்போவையாவது இறக்குங்கள். வார்ப்பிரும்புத் தூள் காந்தத்தில் ஒட்டும். வேலை முடிந்ததும் உள்ளே காந்தக் குச்சியை விட்டுத் துழாவி, துணியால் துடையுங்கள்.

பெரும்பாலான சென்சார்களுக்கு 1/8 என்பிடி (அமெரிக்கக் குழாய் மரை அளவு) மரை. முதலில் 3 மிமீ, பிறகு 8.5 மிமீ ட்ரில், அதன்பின் மரை வெட்டும் டேப். டேப்பில் கிரீஸ் தடவி, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று மெதுவாகப் போங்கள். என்பிடி சாய்வு மரை. டேப்பை முழுக்க இறக்கிவிட்டால் ஃபிட்டிங் லொடலொடவென்று உட்காரும். அவ்வப்போது ஃபிட்டிங்கை வைத்துப் பார்த்து, கையால் மூன்று நான்கு சுற்று பிடித்ததும் நிறுத்துங்கள். நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் "1/8 டேப்" என்று கேட்டால் பிஎஸ்பி (பிரிட்டிஷ் குழாய் மரை) டேப் தருவார்கள். பிஎஸ்பியில் அங்குலத்துக்கு 28 மரை, என்பிடியில் 27. இரண்டு சுற்று ஒழுங்காக ஏறி, பிறகு இறுகிக்கொள்ளும். இறுகிவிட்டது என்று விட்டால் புகை கசியும். டெஃப்லான் டேப்பும் சுற்றக்கூடாது. அது 260 டிகிரிக்கு மேல் தாங்காது. நிக்கல் கலந்த ஆன்டி-சீஸ் (சூட்டில் மரை பிடித்துக்கொள்ளாமல் காக்கும் பசை) மரையில் மட்டும் தடவுங்கள். மெல்லிய தகட்டுக் குழாயில் மரை நிற்காது. அங்கே மரை போட்ட புஷ்ஷை வெல்டிங் வைக்கவேண்டும்.

ஒயர்: அதிகம் ஏமாறும் இடம்

லாரியில் சென்சார் ஒயர் கேபினுக்கு எட்டாது. எலக்ட்ரீஷியன் சாதாரண செம்பு ஒயரை முறுக்கி இணைத்து, டேப் சுற்றிவிடுவார். மீட்டரும் வேலை செய்யும். ஆனால் தெர்மோகப்பிள் தருவது சூடு வித்தியாசத்தால் பிறக்கும் மில்லிவோல்ட். செம்பு சேர்ந்த இடத்திலிருந்து மீட்டர் வரைக்குமான வித்தியாசம் கணக்கில் வராமல் போய்விடும். இணைப்பு இன்ஜின் பக்கத்தில் 110 டிகிரியில் இருந்து, மீட்டர் கேபினில் 40 டிகிரியில் இருந்தால் 70 டிகிரி குறைத்துக் காட்டும். உண்மையில் 720, முள் நிற்பது 650-இல். நம் வெயிலில் கேபினே சூடாக இருப்பதால் தப்பு கொஞ்சம் குறையும். மழைக்கால ராத்திரியில் கூடும். இந்தத் தப்பு ஒரே அளவில் நிற்பதில்லை, அதனால் பழகிக்கொள்ளவும் முடியாது.

கே டைப் எக்ஸ்டென்ஷன் ஒயரையே வாங்குங்கள். அதையும் இரண்டு முனையிலும் பிளஸ் மைனஸ் மாற்றி இணைத்தால் தப்பு இரட்டிப்பாகும்: மேலே சொன்ன கணக்கில் 140 டிகிரி. அமெரிக்க முறை ஒயரில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பு என்றாலே பிளஸ் என்று கை போகும் நமக்கு இது பெரிய பொறி. ஐரோப்பிய முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சந்தேகம் வந்தால் ஒரு காந்தம் போதும். கே டைப்பில் காந்தத்தில் ஒட்டும் கம்பிதான் மைனஸ்.

ஒயர் அதிகமாக இருந்தால் சுருட்டிக் கட்டுங்கள். மின்சாரம் தேவையில்லாத பழைய முள் மீட்டர்கள் குறிப்பிட்ட ஒயர் நீளத்துக்கே அளவு வைத்தவை. வெட்டினால் கணக்கு மாறும். ஆல்டர்னேட்டர், ஸ்டார்ட்டர் ஒயர்களோடு சேர்த்துக் கட்டினால் முள் நடுங்கும்.

மீட்டருக்கு மின்சாரம்

லாரி 24 வோல்ட். 12 வோல்ட் மீட்டருக்காக இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் லைன் எடுத்தால் அந்தப் பேட்டரி இறங்கும், மற்றது அதிகமாகச் சார்ஜாகிக் கெடும். 24 வோல்ட் மீட்டரை வாங்குங்கள், இல்லையென்றால் கன்வர்ட்டர் போடுங்கள். லைன் சாவி திருப்பினால் வரும் இடத்திலிருந்து, சின்ன ஃபியூஸோடு வரட்டும்.

பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் தொழிற்சாலையே வெப்ப சென்சார்கள் வைத்திருக்கிறது. அவற்றின் ஒயரை வெட்டி இந்த மீட்டரை இணைக்காதீர்கள். பலவும் தெர்மோகப்பிளே அல்ல, மீட்டரும் சரியாகக் காட்டாது, இன்ஜின் கம்ப்யூட்டரான இசியுவும் எச்சரிக்கை விளக்கைப் போடும். வண்டியின் கம்ப்யூட்டரோடு இணைக்கும் ஓபிடி ஸ்கேனரில் அந்த அளவைப் படித்துக்கொள்ளலாம்.

சோதித்து ஓட்டுவது

மாட்டுவதற்கு முன் சென்சார் நுனியைக் கொதிக்கும் தண்ணீரில் விடுங்கள். 100-ஐ ஒட்டிக் காட்டவேண்டும். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒயர் இணைப்பு குளிர்ச்சியாக இருக்கும்போது செம்பு ஒயரும் இந்தச் சோதனையில் பாஸாகிவிடும். நுனி தண்ணீரில் இருக்கும்போதே இணைப்பை ஹேர் டிரையரால் சூடாக்குங்கள். முள் இறங்கினால் ஒயர் தப்பு.

டர்போவுக்கு முன்னால் மாட்டிய மீட்டர், டீசல் இன்ஜினில், ஐடிலில் 100 முதல் 200, சமதளத்தில் 300 முதல் 450, சுமையோடு ஏற்றத்தில் 550 முதல் 650 வரை காட்டுவது வழக்கம். 700-இல் தொடர்ந்து நின்றால் காலைத் தளர்த்தி ஒரு கியர் இறக்குங்கள். சுற்று கூடினால் காற்றும் கூடும், சூடு தணியும். இன்ஜின் கம்பெனி வேறு எல்லை சொல்லியிருந்தால் அதுதான் கணக்கு. ஏலகிரியின் 14 வளைவும் ஏறி நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாதீர்கள். முள் 200-க்குக் கீழே வரும்வரை ஐடிலில் விடுங்கள். இல்லாவிட்டால் டர்போ பேரிங்கில் தங்கிய ஆயில் கருகிப் படியும்.

500 கிலோமீட்டர் ஓடியபின் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஃபிட்டிங்கைச் சுற்றிப் பாருங்கள். கரி வளையம் தெரிந்தால் புகை கசிகிறது. கழற்றி மரையைத் துடைத்து மறுபடி இறுக்குங்கள்.