இடக்கையால் பரீட்சை எழுதப் போகிறவர்களுக்கு

விஜயதசமி அன்று ஏடு தொடக்கியபோது நான் அரிசியில் இடது விரலைத்தான் வைத்தேனாம். ஐயர் கையை மாற்றிப் பிடித்து 'அ' எழுத வைத்தார். அந்த ஒரு எழுத்தோடு சரி. சாதாரண தரம், உயர்தரம், பல்கலைக்கழகம் எல்லாம் இடக்கையால்தான் எழுதினேன். இப்போது யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் கணிதம் படிப்பிக்கிறேன். இந்த வருட வகுப்பில் மூன்று இடக்கைப் பிள்ளைகள். அவர்களுக்குச் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் பேனை. வலக்கைக்காரர் பேனையை இழுத்துக்கொண்டு போகிறார், நாங்கள் தள்ளிக்கொண்டு போகிறோம். எழுதிய ஈரத்தின் மேலேயே கையும் வரும். ஜெல் பேனை என்றால் சுண்டுவிரல் பக்கம் முழுக்க நீலம், தாளிலும் அதே நீலம். கெதியாகக் காயும் போல்பொயின்ற் பேனை வாங்குங்கள். கடையில் கிறுக்கிப் பார்த்தால் போதாது. வீட்டில் ஒரு வரி எழுதி, மூன்று எண்ணிவிட்டு உள்ளங்கையால் தேயுங்கள். பிறகு அதே பேனையால் ஒரு முழு விடை எழுதிப் பாருங்கள். தள்ளும்போது மை விட்டுவிட்டு வந்தால் அதுவும் சரிவராது. வெக்கையில் கை வியர்த்துத் தாளில் ஒட்டும். பரீட்சை மண்டப நோக்குநரிடம் காட்டிவிட்டு, மடித்த லேஞ்சி ஒன்றைக் கைக்குக் கீழே வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது மேசை. சுட்டெண்படிதான் இருக்கவேண்டும், இடத்தை நாங்கள் தெரிய முடியாது. ஆனால் மேசையின் மேல் ஒழுங்கு எங்கள் கையில். விடைத்தாளை உடம்பின் நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக வைத்து, தலைப்பக்கம் வலப்பக்கம் சாயும்படி திருப்புங்கள். அப்போது கை வரிக்குக் கீழே நிற்கும், மணிக்கட்டை வளைக்கத் தேவையில்லை. வினாத்தாள் வலப்பக்கம். பக்கத்து மேசைக்காரரைப் பார்த்து இடப்பக்கம் வைத்தால், ஒவ்வொரு வினாவுக்கும் கையைத் தூக்கித் தூக்கிப் பார்க்கவேண்டி வரும்.

நான் வழுக்கிய இடம் பல்தேர்வு. உயர்தர இரசாயனவியலில் 50 வினா, 2 மணித்தியாலம். அப்போது பரீட்சை ஆகஸ்டில் வரும். ஆகஸ்ட் 13 உலக இடக்கையாளர் தினம் என்பது அந்த நாளில் எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தாலும் ஒன்றும் ஆகியிராது. விடைத்தாளில் வினா இலக்கம் இடப்பக்கம், வட்டங்கள் வலப்பக்கம். புள்ளடி போட இடக்கை போனால் இலக்கம் கைக்குள் மறைந்துவிடும். 23ஆவது வினாவின் புள்ளடியை 24க்குப் போட்டுவிட்டு, 41இல்தான் கண்டேன். திருத்தவே கடைசிப் பத்து நிமிடமும் போனது.

இப்போது என் பிள்ளைகளுக்குச் சொல்வது இதுதான்: அடிமட்டத்தை அந்த வரிக்கு நேர் கீழே வைத்து, வலக்கையால் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக இறக்குங்கள். வினாத்தாளில் விடையைக் குறித்துக்கொண்டு, ஐந்து சேர்ந்ததும் இலக்கம் பார்த்து விடைத்தாளுக்கு மாற்றுங்கள். 50ஐயும் கடைசிக்கு வைக்கவே வேண்டாம்.

அடிமட்டத்திலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. இடக்கை கோட்டை வலமிருந்து இடமாகத்தான் இழுக்கும், பூச்சியம் கைக்குள் போய்விடும். 6 சென்ரிமீற்றர் கோடு கேட்டால் 0இலும் 6இலும் முதலில் புள்ளி வையுங்கள், பிறகு எந்தப் பக்கமிருந்தும் இணைக்கலாம். வரைபில் நிலைக்குத்து அச்சின் இலக்கங்களைப் பேனையால் எழுதிவிட்டு உடனே உள்ளே புள்ளி குறிக்கப் போகாதீர்கள், அத்தனையும் இழுபடும்.

ரியூஷன் கொட்டில் வாங்குகளில் இடப்பக்க நுனியைப் பிடியுங்கள். நடுவில் இருந்தால் முழங்கைச் சண்டைதான். வேறு பரீட்சைகளுக்கு எழுதுபலகை பொருத்திய கதிரை போடுவார்கள், பலகை பெரும்பாலும் வலப்பக்கம். விண்ணப்பிக்கும்போதே மேசை கேளுங்கள். அன்றைக்குத்தான் தெரிந்ததென்றால், தொடங்க முன்பே மேற்பார்வையாளரிடம் சொல்லி, வெறுங்கதிரை ஒன்றை உங்கள் இடப்பக்கம் ஒட்டி இழுத்துத் தரச் சொல்லுங்கள். அதன் பலகை சரியாக உங்கள் இடக்கைக்கு வரும். நான் ஒரு முழுப் பரீட்சையை அப்படி எழுதியிருக்கிறேன்.

அமைப்புக் கட்டுரை வினாத்தாள், அதாவது வினாவுக்குக் கீழேயே விடை எழுதும் தாள், இடப்பக்கம் பின் அடித்து வரும். வலப்பக்கத் தாளில் எழுதும்போது கை அந்த மேட்டில் ஏறி இறங்கும். முன் பக்கங்களைப் பின்னால் மடித்துவிட்டு எழுதுங்கள். மற்ற விடைத்தாள்களை எழுதி முடியும்வரை நூலால் கட்டாமல் தனித்தனியாக வையுங்கள். பக்க இலக்கத்தை மட்டும் அப்போதைக்கப்போது போட்டுவிடுங்கள், மின்விசிறி கலைத்தாலும் அடுக்கலாம். நூல் கட்ட ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.